படுத்திருந்தது போதுமுங்க

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிரோடு திரும்பி வந்த ஒருவரை நம் ஊர்கள் எப்படி வரவேற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "மறுபொறப்பு எடுத்து வந்திருக்காரு" என்பார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட் பாக்கெட்டும் வந்து சேரும். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, கிளம்பும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "ஒண்ணும் பண்ண வேண்டாம், அலுங்காம படுத்திருங்க."

அன்பால் சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் அது ஒரு மனிதரை எவ்வளவு தூரம் பின்னால் தள்ளிவிடும் என்பதற்குக் கொமரலிங்கத்தில் ஒரு வீடு சாட்சி.

கொமரலிங்கம் திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். குமரலிங்கம் என்றும் எழுதுவார்கள். ராஜவாய்க்கால் தண்ணீர், நெல் வயல், தென்னந்தோப்பு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர்தான். ஆனால் சொந்தமாகக் கையகல நிலம்கூட இல்லாதவர்களுக்கு அந்தப் பச்சை சோறு போடாது. அவர்கள் திருப்பூருக்கு பஸ் ஏறுவார்கள். இந்த வீட்டுக்காரரும் அப்படி ஏறியவர். 25 வருடமாக பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட். திங்கட்கிழமை விடியற்காலையில் போனால் சனிக்கிழமை ராத்திரி சம்பளத்தோடு திரும்புவார். ஊரில் இருப்பது ஞாயிறு ஒரு நாள்தான்.

ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் மெஷினில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. கிருமித் தொற்று ரத்தத்திலும் கலந்துவிட்டது. கோவையில் ஒரு மருத்துவமனையில் 11 நாள் வெண்டிலேட்டர், மொத்தம் 24 நாள். மூன்றாம் நாள் டாக்டர் அவர் மனைவியைக் கூப்பிட்டு, "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த வாக்கியம் அந்த அம்மாவின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

பிழைத்துவிட்டார். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். காரிலிருந்து கட்டில் வரை மச்சினன்தான் தூக்கி வந்தான். 68 கிலோ இருந்தவர் 56 கிலோவாகியிருந்தார்.

மூன்று வாரம்

அதற்குப் பிறகு அந்த அம்மா தன் கணவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டார். தென்னந்தோப்பு வேலைக்குப் போவதை நிறுத்தினார். சோறு ஊட்டிவிட்டார். உடம்பு துடைத்துவிட்டார். மலம் கழிப்பதும் கட்டிலிலேயே. அவர் கையை ஊன்றிக் கொஞ்சம் எழ முயன்றால் சமையலறையிலிருந்து ஓடி வருவார். "ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்திருந்தார்கள். என்னென்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அது எக்ஸ்ரே கவருக்குள் போய்விட்டது. மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுத்தார்கள். அதை அவர் தினமும் ஊதிக்கொண்டிருந்தார். பந்து ஒன்றும் மேலே வரவில்லை. "நெஞ்சுல பலமே இல்ல போல" என்று விட்டுவிட்டார்.

மூன்று வாரத்தில் உடம்பு தேறியிருக்க வேண்டும். மாறாக, ஆஸ்பத்திரியில் தானாக உட்கார்ந்தவருக்கு இப்போது யாராவது முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. லுங்கியை இறுக்கிக் கட்டக் கையில் பிடி இல்லை. ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: "இனி அவ்வளவுதான் போல... உசுரு இருக்கற வரைக்கும் பார்த்துக்க வேண்டியதுதான்."

நோய் போய்விட்டது. மருந்தும் முடிந்துவிட்டது. பிறகு ஏன் இப்படி?

உடம்புக்குள் நடப்பது

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே மருத்துவ உலகில் அவ்வளவு பழைய விஷயம் இல்லை. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். அத்தனை நோயாளிகளுக்கும் இரவு பகலாகப் பையை அழுத்த ஆள் வேண்டுமே? சுமார் 1500 மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யு.வுக்கு விதை போட்டது அந்த மாணவர்களின் கைகள்தான். அதற்கு முன் நம் டெய்லரைப் போன்றவர்கள் பிழைத்ததே அபூர்வம். அதனால்தான் பிழைத்த பிறகு வரும் பிரச்சினையும் புதிது, அதைப் பற்றிய அறிவும் புதிது.

படுத்தே கிடந்தால் தசை கரையும் என்பது தெரிந்ததுதான். மாவுக்கட்டு பிரித்த காலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கடும் நோயில் கரையும் வேகம் வேறு. 2013-ல் லண்டன் மருத்துவர்கள் தலைமையில் வெளியான ஓர் ஆய்வில், ஐ.சி.யு.வில் இருந்த 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து பார்த்தார்கள். பத்தே நாளில் தசையின் குறுக்களவு சராசரியாக 18 சதவீதம் வரை குறைந்திருந்தது. தொற்றை எதிர்த்துப் போராடும் உடம்பு தன் சதையையே எரித்துக்கொள்கிறது. கூடவே நரம்புகளும் பாதிக்கப்படலாம். வெண்டிலேட்டர் நமக்காக மூச்சு விடும்போது உதரவிதானம் என்னும் மூச்சுத் தசையும் வேலையில்லாமல் இளைத்துப் போகும்.

2003-ல் கனடாவின் டொரண்டோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பிழைத்த 109 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தது. ஐ.சி.யு.வை விட்டு வரும்போதே சராசரியாக உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து நுரையீரல் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்களால் நடக்க முடிந்த தூரம், அந்த வயதுக்காரர் நடக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர். அவர்களின் நடுத்தர வயது 45.

நம் டெய்லர் இழந்ததும் அதே 18 சதவீதம்தான். அவருக்கு வந்தது விதியும் இல்லை, சாபமும் இல்லை. அதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு, வழியும் உண்டு. கரைந்த தசை ஓய்வில் திரும்பி வராது. வேலை கொடுத்தால்தான் வரும். அவர் வீட்டில் படுத்திருந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் தொடங்கிய இழப்பின் தொடர்ச்சிதான்.

துண்டு கட்டிய நாள்

உதவி வந்தது தற்செயலாக. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு ஒரு பெண் வருவார். அன்று திண்ணையோடு திரும்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தவர், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து விசாரித்தார். அடுத்த வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து நின்றார்.

இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கிறார்கள் என்றுதான் பலருக்கும் தெரியும். எழுந்து வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, கொடுப்பதும் இதில் உண்டு. 2024-ல் ஐ.நா. விருது பெற்ற திட்டம் இது. கேட்டால் கிடைக்கும் என்று தெரியாததால் கேட்காமல் இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

வந்தவர் சின்னப் பெண். முதலில் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்தார். பிறகு, "அண்ணா, கட்டில் ஓரத்துல உட்காருங்க பார்க்கலாம்" என்றார்.

மனைவி குறுக்கே வந்தார். "வேண்டாம் அம்மிணி. மயக்கம் போட்டு விழுந்துட்டா என்ன பண்றது?"

"விழாம பிடிக்கத்தான் நான் வந்திருக்கேன் அக்கா. நீங்க அந்தப் பக்கம் வாங்க."

கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கையைப் பிடித்து இழுத்தால் தோள் போய்விடும். துண்டைப் பிடித்தால் உடம்பு முழுவதையும் தாங்கலாம். முதலில் ஐந்து நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தார். ரொம்ப நாள் படுத்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதற்காக. பிறகு, "மூக்கு முட்டிக்கு மேல வர்ற மாதிரி குனிஞ்சு, அப்புறம் எந்திரிங்க" என்றார். நின்றார். கால் இரண்டும் மெஷின் பெடல் மாதிரி அதிர்ந்தன. பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். முகம் முழுக்க வேர்வை. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் தன் வீட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

மூன்று பந்துக் கருவியை எடுத்துக் காட்டினார்கள். பெண் சிரித்துவிட்டார். "அண்ணா, இதை ஊதக் கூடாது. ஜூஸ் குடிக்கற மாதிரி உள்ள உறிஞ்சணும்." உறிஞ்சினார். ஒரு பந்து மேலே போனது. மூன்று வாரமாக அவர் நெஞ்சில் பலம் இல்லை என்று நினைத்தது, யாரும் சொல்லித் தராததால் வந்த வினை.

கல் மனசு

பயிற்சிகள் கேட்பதற்கு மிகச் சாதாரணமானவை. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. முட்டியை மடக்கி நீட்டுவது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நடப்பது. ஒரே மூச்சில் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் பல தடவை. ஹார்லிக்ஸ் இருக்கட்டும், தினமும் முட்டையும் பருப்பும் வேண்டும் என்றார். சதை வளரப் புரதம் வேண்டுமல்லவா?

அளவுக்கு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வராவிட்டால் நிற்க வேண்டும். நெஞ்சு வலி, கண் இருட்டல், ஆக்சிஜன் 90-க்குக் கீழே போவது, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் எல்லாவற்றையும் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, தினமும் டிக் போடக் கட்டம் வரைந்தாள்.

கடைசியாகப் போட்டதுதான் கஷ்டமான கட்டளை. அது நோயாளிக்கு இல்லை, மனைவிக்கு. தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலிலிருந்து ஐந்தடி தள்ளி ஸ்டூலில் வைத்தார். "அக்கா, தண்ணி வேணும்னா அவரே போய் எடுத்துக் குடிக்கட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க. எடுத்து மட்டும் குடுத்துராதீங்க."

"எப்படி அம்மிணி கல் மனசோட பார்த்துட்டு நிக்கறது?"

மறுநாள் மத்தியானம் அவருக்குத் தாகம். சுவரைத் தடவித் தடவிப் போனார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மனைவி ஒரு கையால் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் முந்தானையைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். சொம்பைத் தூக்கும்போது கை நடுங்கிப் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று, "பொண்டாட்டியாடி நீ? சீக்காளியைத் தண்ணி எடுக்க விட்டு வேடிக்கை பார்க்கறியே" என்று திட்டினார். அந்த அம்மா பதில் பேசவில்லை. ராத்திரி மகளிடம் மட்டும், "ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா நின்னது கூட இவ்வளவு கஷ்டமா இல்ல" என்றார்.

பிசியோதெரபி என்றால் கருவி, மின்சாரம், மசாஜ் என்று பலர் நினைக்கிறோம். இந்த வீட்டில் நடந்த சிகிச்சையில் பெரும்பகுதி, ஒருவர் செய்ய முடிந்ததை அவரையே செய்ய விடுவதுதான்.

அதிகம் செய்தால் சீக்கிரம் தேறுமா? அதுவும் இல்லை. 2009-ல் அமெரிக்காவில் 104 பேரிடம் நடந்த ஆய்வில், வெண்டிலேட்டரில் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போது தம் வேலையைத் தாமே செய்தார்கள்; மற்றவர்களில் 35 சதவீதம் பேர்தான். ஆனால் 2022-ல் பல நாடுகளில் 750 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வேறு பாடம் சொன்னது. ஐ.சி.யு.வில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சியைவிட முன்கூட்டியே, அதிகமாகக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. உடம்பைப் பார்த்துப் பார்த்து, அளந்து ஏற்ற வேண்டிய வேலை இது. அதனால்தான் படித்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

பிழைக்க வைத்ததோடு மருத்துவம் முடிந்துவிடாது என்பதைத் தமிழ்நாட்டுக்கு வெகுகாலம் முன்பே தன் உடம்பாலேயே காட்டியவர் ஒருவர் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரையும் "பாவம், படுத்திருக்கட்டும்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சொல்லாமல் வைத்திருந்தது

ஆறாவது வாரத்தில் டெய்லர் வாசல் வரை வந்துவிட்டார். ஆனாலும் ராத்திரித் தூக்கம் இல்லை. ஒரு நாள் பயிற்சிக்கு நடுவே, மனைவி உள்ளே போன நேரம் பார்த்து அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன்னைத் துணிக் குடோனில் அடைத்து, கையைக் கட்டி, மேலே துணி ரோல்களை அடுக்கியதாக நினைவு. இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

"இது நிறைய பேருக்கு வர்றதுதான் அண்ணா" என்றார் அவர். உண்மைதான். மயக்க மருந்து, காய்ச்சல், பகல் எது இரவு எது என்று தெரியாத வெளிச்சம், வாயில் குழாய், குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கட்டிய கை, இவையெல்லாம் கலந்து மூளை ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. உடல் பலவீனம், மறதி, பயம், மனச்சோர்வு எல்லாவற்றையும் சேர்த்து 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறி' என்று மருத்துவர்கள் பெயர் வைத்ததே 2010-க்குப் பிறகுதான். தனக்கு மட்டும் வந்தது இல்லை என்று தெரிந்த அன்று அவர் கொஞ்சம் தூங்கினார். பிறகு மனைவியிடமும் சொன்னார்.

மூன்றாம் மாதம் ராஜவாய்க்கால் வரை நடந்தார். துண்டு இல்லை. மனைவி பக்கத்தில் வந்தார், பிடிக்கவில்லை. ஆறாம் மாதம் திருப்பூர் பஸ் ஏறினார். கதை சினிமா மாதிரி முடியவில்லை. முன்பு ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவரால் இப்போது முக்கால் ஷிப்ட்டுக்கு மேல் உட்கார முடியவில்லை. பீஸ் ரேட்டில் முக்கால் ஷிப்ட் என்றால் முக்கால் சம்பளம்கூடக் கிடையாது, கை வேகமும் குறைந்திருக்கிறது. வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் எவ்வளவு முன்னால் இருந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸிலிருந்து அவரே இறங்கி, பையை அவரே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

உங்கள் தெருவிலும் யாராவது இப்படித் திரும்பி வரலாம். ஜெராக்ஸ் தாளை எக்ஸ்ரே கவருக்குள் போக விடாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்றே "என்ன பயிற்சி, எத்தனை தடவை, எப்போது நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டு பிசியோதெரபி பற்றி விசாரியுங்கள்.

அந்த அம்மா இப்போது ஊரில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் சாத்துக்குடி வாங்கிப் போவதில்லை. ஒரு டஜன் முட்டை வாங்கிப் போகிறார். கிளம்பும்போது "அலுங்காம படுத்திருங்க" என்றும் சொல்வதில்லை.

"இன்னைக்கு எத்தனை அடி நடந்தீங்க?" என்று கேட்கிறார்.